மூன்று மணி முதல் ஆறு மணி வரை பின்பக்கம் மூடியிருந்தது

ஒரு பக்கத்துக்குள் எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். நான் கடைசியாக வேலை செய்த ஸ்டூடியோவில் புதிதாக மூன்று பேர் சேர்ந்திருக்கிறார்களாம். அவர்களுக்கு மியூட், சோலோ பொத்தான்களை எப்படிப் பாவிப்பது என்று விளக்கி, இலக்கமிட்டு, சுவரில் ஒட்டக்கூடிய மாதிரி ஒரு பக்கம் வேண்டுமாம். கேட்டவர் கஜன். இன்று அங்கே தலைமை ஒலிப்பதிவாளர் அவர்தான்.

அப்படியொரு பக்கம் அந்தச் சுவரில் ஏற்கெனவே இருக்கிறது. நான் எழுதியதுதான். லமினேட் செய்து நாலு மூலையிலும் ஆணியடித்து மாட்டினேன். அந்த ஆணியொன்றில் இப்போது ஒரு நகைக்கடைக் கலண்டர் தொங்குகிறது. பக்கத்தை அது முழுசாக மறைத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே இன்னொரு பக்கம் எழுதி இன்னொரு கலண்டருக்கு ஆணி கொடுக்க நான் தயாரில்லை. நீளமாகவே எழுதுகிறேன். வாசிக்கிறவர்கள் வாசிக்கட்டும்.

விஷயம் சின்னது. சரவுண்ட் ஒலிக்கூடத்தில் ஆறு ஒலிபெருக்கிகள் இருக்கும். முன்னால் இடது, நடு, வலது. பின்னால் இடது, வலது. தரையில் ஒரு பெரிய பெட்டி. இடியும் என்ஜினும் அதில் வரும். கதிரையில் இருப்பவரின் கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு சிறிய பெட்டி. அதில் ஒரு பெரிய குமிழும் இரண்டு வரிசைப் பொத்தான்களும் உண்டு. மேல் வரிசை மியூட். ஒன்றை அழுத்தினால் அதற்குரிய ஒலிபெருக்கி மட்டும் மூடும், சிவப்பு விளக்கு எரியும். கீழ் வரிசை சோலோ. ஒன்றை அழுத்தினால் அது மட்டும் பேசும், மற்ற ஐந்தும் மூடும், மஞ்சள் விளக்கு எரியும். இதைக் கற்க ஒரு நிமிடம் போதும். கற்றவர்கள் எல்லாரும் அந்த ஒரு நிமிடத்தோடு நின்றுவிடுவதுதான் பிரச்சினை.

ஏனென்றால் அந்தப் பெட்டி கட்டுப்படுத்துவது கதிரையில் இருப்பவரின் காதை மட்டும். படத்தில் பதிவாகிற ஒலியை அது தொடுவதேயில்லை. நீங்கள் மூடிவைத்த ஒலிபெருக்கிக்குரிய சத்தம் கோப்பில் ஒரு குறையும் இல்லாமல் இருந்துகொண்டிருக்கும். படம் பார்க்கிறவர் வீட்டில் அது கேட்கும். உங்களுக்கு மட்டும் கேட்காது. மிக்சிங் மேசையில் உள்ள மியூட் வேறு சாதி. அது சத்தத்தையே வெட்டிவிடும். இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே சிவப்பு விளக்கு. இப்படிப் பெயர் வைத்த மனிதரை நான் என் வாழ்நாளில் சந்திக்கவில்லை. அது அவருடைய அதிர்ஷ்டம்.

நான் தொழில் பழகியது கொழும்பில், ஒரு வானொலியில். பௌதிகத்தில் பட்டம் எடுத்துவிட்டுப் போனவளை முதல் ஆறு மாதம் வயர் சுற்ற வைத்தார்கள். அதைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை, நன்றாகச் சுற்றினேன். சொல்ல வேண்டியது ஒரு தேர்த்திருவிழா நேரடி ஒலிபரப்பு. நாதஸ்வரம் கொஞ்சம் கரகரக்கிறதோ என்று சந்தேகம் வந்து மேசையில் சோலோவை அழுத்தினேன். அந்த மேசையில் சோலோவுக்கு இரண்டு நிலைகள் உண்டு. ஒன்றில் காதுக்கு வருவது மட்டும் மாறும். மற்றதில் வெளியே போவதும் வெட்டுப்படும். எனக்கு முன் வேலை செய்தவர் இரண்டாவது நிலையில் விட்டுப் போயிருந்தார். நான் பார்க்கவில்லை. பன்னிரண்டு விநாடிக்கு நாடு முழுவதும் நாதஸ்வரம் மட்டும் கேட்டது. வர்ணனையாளர், மேளம், அரோகரா, சனம் எல்லாம் தேரோடு எங்கேயோ போய்விட்டன. பதிவேட்டில் காரணம் எழுதச் சொன்னார்கள். 'தொழில்நுட்பக் கோளாறு' என்று எழுதினேன். எங்கள் தலைமைப் பொறியியலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, அந்த இரண்டு சொல்லையும் வெட்டிவிட்டு, அவற்றின் மேல் என் பெயரை எழுதினார். அடுத்த முப்பது வருடமும் எந்தப் பொத்தானைத் தொடுவதற்கு முன்பும் அது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்தேன்.

ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு மட்டக்களப்புக்குத் திரும்பிய மூன்றாம் மாதம் நிமலன் வந்தார். சுவிஸில் இருபது வருடம் இருந்து திரும்பியவர். வாவிக்கரையில் ஒரு மாடிக் கட்டடத்தை எடுத்து, கிழக்கில் எவரிடமும் இல்லாத சரவுண்ட் ஒலிக்கூடம் போட்டிருந்தார். கொழும்பிலிருந்து படக்காரர்கள் வந்து குவிவார்கள் என்பது அவருடைய கணக்கு. வந்தவர்கள் எல்லாரும் வாவியின் பாடும் மீனை எந்த இடத்தில் கேட்கலாம் என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். காலையில் கல்யாண வீடியோவும் துணிக்கடை விளம்பரமும்தான் ஓடின.

நிமலன் என்னைவிட இருபத்தைந்து வயது இளையவர். ஆனாலும் முதலாளி. அவர் வாயிலிருந்து 'இல்லை' என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை. 'பாப்பம் மிஸ்' என்பார். அதற்கு இல்லை என்று பொருள். 'கட்டாயம் பாப்பம் மிஸ்' என்றால் ஒருபோதும் இல்லை என்று பொருள். நல்ல செய்தியை வாசலில் நின்றபடி சொல்லிவிட்டுப் போய்விடுவார். கெட்ட செய்தியென்றால் தன் கையால் பால் விடாத பிளேன்டி ஊற்றி, பீரிசில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மாடியேறி வருவார். அதில் இஞ்சி தட்டிப் போட்டிருந்தால் விஷயம் பெரிது என்று விளங்கிக்கொள்ளலாம். மரியாதையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அந்த மரியாதையை ஒரு நாளைக்கு நிறுத்திவிட்டு ஒரு தீர்மானம் எடுத்தால் நல்லது என்று பல தடவை நினைத்திருக்கிறேன்.

அந்த அறையின் மூன்று சுவர்களும் முறைப்படி கட்டப்பட்டவை. ஒரு சத்தமும் வெளியே போகாது. நாலாவது, பின் சுவர், பக்கத்துக் கட்டடத்துக்கும் பொதுவான, ஒரு செங்கல் கனமே உள்ள சுவர். அதை உடைத்துக் கட்டுவது பற்றி 'கட்டாயம் பாப்பம்' என்று நிமலன் சொல்லியிருந்தார். பின்பக்க ஒலிபெருக்கிகள் இரண்டும் அந்தச் சுவரில்தான் தொங்கின. சுவருக்கு அடுத்த பக்கத்தில் வரதன் சேரின் கணித வகுப்பு. பதினோராம் தரம் முடித்துச் சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகிற பிள்ளைகள், மூன்று மணி முதல் ஆறு மணி வரை.

வரதன் சேர் ஒருநாள் படியேறி வந்தார். வெள்ளை நீளக்கைச் சட்டை, விரல் நுனியெல்லாம் சோக்குத் தூள். கோபப்படவில்லை.

"மிஸ், நான் பைதகரஸ் படிப்பிக்கிறன். சுவருக்குள்ள எருமை கத்துது. பிள்ளைகள் எருமைக்குத்தான் காது குடுக்குதுகள்."

வவுணதீவுப் பக்கம் எடுத்த ஒரு விவசாய விளம்பரத்தின் எருமை அது. நான் மன்னிப்புக் கேட்டேன். ஓர் ஏற்பாடும் சொன்னேன். மூன்று முதல் ஆறு வரை பின்பக்க ஒலிபெருக்கிகள் இரண்டையும் மியூட் செய்துவிடுகிறோம், அந்த நேரத்தில் முன்பக்க வேலைகளை மட்டும் பார்க்கிறோம் என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். ஏற்பாட்டைச் செய்தது நான்தான். இதை இங்கேயே சொல்லிவைக்கிறேன். பிறகு ஒளித்தேன் என்று இருக்கக்கூடாது.

ஏற்பாடு எப்படி நடந்தது என்றால், மூன்று மணிக்கு மூடுவது ஒருநாளும் தவறவில்லை. தவறினால் வரதன் சேர் டஸ்டரால் சுவரில் தட்டுவார். ஆறு மணிக்குத் திறக்காவிட்டால் எவரும் தட்டமாட்டார்கள். அந்தப் பெட்டிக்கு நல்ல ஞாபகசக்தி. மின்சாரத்தை நிறுத்திப் போட்டாலும் மூடியது மூடியபடியே இருக்கும். போதாததற்கு, இருட்டில் படம் பார்க்கும்போது சிவப்பு விளக்கு கண்ணைக் குத்துகிறது என்று கஜன் அவற்றின் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தார். கழற்றுவேன். அடுத்த கிழமை திரும்பவும் ஒட்டியிருக்கும். கஜன் இரண்டு பிள்ளைகளின் தகப்பன், நல்ல காது, நல்ல கை, எதையும் ஒரு தடவைக்கு மேல் சொல்லத் தேவையில்லாதவர். டேப் விஷயம் மட்டும் அவருக்கு ஏறவேயில்லை.

இந்த நிலைமையில்தான் ஹஸ்னாவின் படம் வந்தது.

ஹஸ்னா ஏறாவூர்க்காரி. பத்து வருடம் மற்றவர்களுடைய படங்களுக்கு உதவியாளராக ஓடித் திரிந்துவிட்டு, முதல்முதலாகத் தன் பெயரில் அரைமணி நேர விவரணப் படம் ஒன்று எடுத்திருந்தார். கடலில் வெடி போட்டு மீன்பிடிப்பதைப் பற்றிய படம். ஒரு தொலைக்காட்சி ஒரு வெள்ளிக்கிழமை மாலை அதைக் காட்ட ஒப்புக்கொண்டிருந்தது. படத்தின் உயிர் பதினேழாவது நிமிடத்தில் வருகிற ஒரு பெண். ஆளின் பெயரும் ஊரின் பெயரும் சொல்லாமல், தன் ஊரில் எப்படிப்பட்டவர் வெடி போடுகிறார், எங்கே வாங்குகிறார், தன் தம்பியின் கை எப்படிப் போனது என்று அவர் சொல்கிறார். வெடி போடுகிற ஆளின் வீடு அவருடைய வேலிக்கு மூன்றாவது வேலி.

வருடங்கள் போய்விட்டன. அந்த ஆளும் இப்போது அங்கே இல்லை. அந்தப் பெண்ணிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். ஆனாலும் அவர் பெயரை எழுதப்போவதில்லை. ஊர் மாங்கேணிப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் பேச ஒப்புக்கொண்டது மூன்று நிபந்தனைகளோடு. முகம் வரக்கூடாது, பெயர் வரக்கூடாது, குரல் வரக்கூடாது. முகத்துக்குப் பதிலாக, கிழிந்த வலை பொத்துகிற அவருடைய கைகளை எடுத்திருந்தார்கள். குரலை இயந்திரத்தால் தடிப்பாக்கலாம் என்றார் கஜன். நான் சம்மதிக்கவில்லை. தடிப்பாக்கினதை எவரும் திரும்ப மெலிதாக்கலாம். வவுணதீவிலிருந்து ஒரு நாடக ஆசிரியையை வரவழைத்து, சொல்லுக்குச் சொல் பேச வைத்து, நடு ஒலிபெருக்கிக்குரிய தடத்தில் வைத்தோம். பழைய குரலை அந்தத் தடத்திலிருந்து எடுத்துவிட்டோம். முறை சரி. அந்த அளவில் இன்றைக்கும் சரிதான் என்பேன்.

ஆனால் கஜன் படமெடுத்த அன்று அந்தப் பெண்ணின் வீட்டு முற்றத்துக்கு நாலு பக்கமும் கேட்கிற ஒரு மைக்கையும் கொண்டுபோயிருந்தார். புதிதாக வாங்கியது, எல்லாவற்றுக்கும் கொண்டுபோவார். பின்னால் அலை வேண்டும், காகம் வேண்டும், அப்போதுதான் சரவுண்ட் என்று ஹஸ்னாவும் ஆசைப்பட்டார். அந்த மைக்கின் பின்பக்கம் குசினிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. அதில் வந்ததை அப்படியே பின்பக்கத் தடங்கள் இரண்டிலும் போட்டார்கள். காலையில் துணிக்கடைகள் இருந்தபடியால் படத்தின் வேலை முழுவதும் பின்னேரத்தில் நடந்தது. அதாவது மூன்று முதல் ஆறு வரை. இரண்டு கிழமை அந்தப் படத்தை மிக்ஸ் செய்தவர்கள் அதன் பின்பக்கத்தை ஒரு தடவையாவது கேட்கவில்லை.

இப்படிப்பட்டதைப் பிடிக்கத்தான் பரிசோதனைப் படிவம் இருக்கிறது. இருபத்திரண்டு வரி, நான் தயாரித்தது. எல்லா மியூட்டையும் திற, விளக்குகள் அணைந்ததை வாய்விட்டு எண்ணு. ஒவ்வோர் ஒலிபெருக்கியாக சோலோ போட்டுப் பரிசோதனைக் குரலைக் கேள். பின்பக்கத்தை மட்டும் சோலோ போட்டுப் படத்தை முதலிலிருந்து கடைசிவரை கேள். கடைசியில் ஆறு தடத்தையும் இரண்டாக மடித்து, சாதாரணத் தொலைக்காட்சியில் கேட்கிற மாதிரிக் கேள். ஹஸ்னாவின் படத்துக்கு அந்தப் படிவத்தை நிரப்பியது நான்.

அது ஒரு சனிக்கிழமை நாலு மணி. சுவருக்கு அப்பால் வரதன் சேர் மாதிரிப் பரீட்சை வைத்துக்கொண்டிருந்தார். அப்படியொரு அமைதி. அந்த அமைதியில் பின்பக்கத்தைத் திறக்க எனக்கு வெட்கமாக இருந்தது. திரையில் பின்பக்க அளவுமானிகள் இரண்டும் அழகாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. ஒலி இருக்கிறது என்று கண் சொன்னது. சரி அடையாளம் போட்டேன். இரண்டாக மடித்தும் கேட்டேன், ஆனால் முதல் ஐந்து நிமிடம் மட்டும். ஒரு குறையும் தெரியவில்லை. அந்தப் பெண் வருவது பதினேழாவது நிமிடத்தில். படிவத்தில் கையெழுத்திட்டேன். அன்று மாலையே கோப்பு தொலைக்காட்சிக்குப் போய்விட்டது.

அடுத்த செவ்வாய் போயா தினம், பௌர்ணமி விடுமுறை. வகுப்பு இல்லை. ஹஸ்னா தன் படத்தை நல்ல அறையில் ஒரு தடவை ஆறுதலாகப் பார்க்க வேண்டுமென்று கேட்டிருந்தார். நியாயமான ஆசை. நான் போய்த் திறந்தேன். டேப்பை உரித்தேன், மியூட் எல்லாவற்றையும் திறந்தேன், ஆறு என்று எண்ணினேன். நடுக்கதிரையில் அவரை இருத்திவிட்டுப் படத்தைப் போட்டேன். அலை பின்னாலிருந்து வந்து முன்னால் போனபோது சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார்.

பதினேழாவது நிமிடத்தில் அவர் சட்டென்று கதவுப் பக்கம் திரும்பினார்.

"ஆரோ வந்திரிக்காங்க மிஸ்."

ஒருவரும் வரவில்லை. கதவு பூட்டியிருந்தது. நான் படத்தை நிறுத்தி, பின்னால் ஓட்டி, பின் இடதிலும் பின் வலதிலும் சோலோவை அழுத்தினேன். முன்பக்கம் செத்தது. அலை கேட்டது, காகம் கேட்டது, ஒரு கோழி கேட்டது. பிறகு அந்தப் பெண்ணின் சொந்தக் குரல். குசினிச் சுவரில் பட்டுத் திரும்பிக் கொஞ்சம் தூரத்தில், ஆனால் சொல்லுக்குச் சொல் தெளிவாக, வவுணதீவு ஆசிரியைக்கு அரை விநாடி முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. இடையில் குசினிக்குள்ளிருந்து மச்சாள் கூப்பிட்டு, கறிக்குப் புளி விட்டாயிற்றா என்று கேட்கிறார். பெயர் சொல்லித்தான் கேட்கிறார். இவர் தன் கதையை நிறுத்தாமலே ஓம் என்கிறார்.

ஹஸ்னா எழுந்து நின்றார். கைப்பையைத் தோளில் போட்டார், கழற்றினார், திரும்பப் போட்டார்.

"நான் அவவுக்கு வாக்குக் குடுத்தன் மிஸ். அவட முத்தத்தில இருந்து, அவட கையப் புடிச்சுக் குடுத்தன்."

கஜனைக் கூப்பிட்டேன். போயாவென்று வீட்டில் படுத்திருந்தவர் சாரத்தோடு வந்தார். கேட்டார். முகம் கறுத்தது. மீட்டர் ஆடியதே என்றார். மீட்டர் கோழிக்கும் ஆடும், கொலைக்கும் ஆடும் என்றேன். அவர் படிவத்தை எடுத்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீங்களும் டிக் போட்டிருக்கீங்க மிஸ்."

ஏசுவதற்காகத் திறந்த வாயை மூடிக்கொண்டேன். அதைப் போல எரிச்சல் தருகிற காரியம் வேறில்லை.

புதன் காலை நிமலன் பிளேன்டியோடு மாடியேறி வந்தார். இஞ்சி மணத்தது. கஜன் சொல்லிவிட்டிருந்தார். தொலைக்காட்சிக்கு இது எங்கள் முதல் வேலை. முதல் வேலையிலேயே பிழை என்று திருப்பிக் கேட்டால் இரண்டாவது வேலை வராது என்பதை நிமலன் நேரடியாகச் சொல்லவில்லை. வீடுகளில் இருப்பது இரண்டு ஒலிபெருக்கி உள்ள தொலைக்காட்சிதானே, பின்பக்கத்தில் உள்ளது எவருக்குக் கேட்கப்போகிறது என்று மெதுவாக விசாரித்தார். நான் இரண்டாக மடிக்கிற பொத்தானை அழுத்திப் போட்டுக் காட்டினேன். பின்பக்கத்தில் உள்ளது எங்கேயும் தொலைந்துபோவதில்லை, முன்பக்கத்தோடு வந்து சேர்ந்துகொள்கிறது. இப்போது இரண்டு பெண்கள் ஒரே இடத்திலிருந்து பேசினார்கள். மச்சாளும் புளியைக் கேட்டார்.

நிமலன் கோப்பையை என் பக்கம் தள்ளினார்.

"எத்தினை பேர் கவனிப்பாங்க மிஸ்?"

"ஒரு ஆள் கவனிச்சாப் போதும் நிமலன். மூண்டாவது வேலிக்காரன்."

பார்ப்போம் என்பார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. நான் எழுதி வைத்திருந்த கடிதத்தை அவர் முன் வைத்தேன். மூன்று வரி. அனுப்பிய பிரதியில் பிழை இருக்கிறது, தயவுசெய்து ஒளிபரப்ப வேண்டாம், திருத்திய பிரதி வியாழன் மாலைக்குள் வரும். காரணம் என்ற இடத்தில் தொழில்நுட்பக் கோளாறு என்று போட்டுவிடுவோமா என்று நிமலன் கேட்டார். என் பெயரைப் போடச் சொன்னேன். பரிசோதித்தவர் பின்பக்கத்தைக் கேட்கவில்லை என்று அப்படியே எழுதி, அவர் கையெழுத்து வைத்தார். அவர் ஒரு தீர்மானம் எடுத்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். குறை சொல்ல மாட்டேன்.

தொலைக்காட்சிப் பொறியியலாளர் தொலைபேசியில் ஏசவில்லை. இதை இப்போதுதான் கேட்கிறீர்களா என்று மட்டும் கேட்டார். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். வியாழன் ஆறு மணி, அதற்குப் பிறகு ஒரு நிமிடமும் இல்லை என்றார்.

ஆக, கையில் இரண்டு பின்னேரம். வரதன் சேரிடம் போனேன். பரீட்சைக்கு மூன்று கிழமை இருந்தது. வகுப்புக்கு வெளியே கூப்பிட்டு, இரண்டு நாளைக்குப் பின்பக்கத்தைத் திறக்க வேண்டும், காரணம் சொல்ல முடியாது, ஒரு பெண்ணின் பாதுகாப்பு விஷயம் என்றேன். அவர் உள்ளே இருந்த ஐம்பது தலையையும் பார்த்தார். கையிலிருந்த சோக்கை இரண்டாக உடைத்தார்.

"போடுங்க மிஸ். நானும் சத்தமாப் படிப்பிக்கிறன்."

படிப்பித்தார். இரண்டு நாளும் எங்கள் அலைக்கு மேலால் அவருடைய திரிகோண கணிதம் கேட்டது.

வேலை இதுதான். முதலில் பின் இடதை மட்டும் சோலோ போட்டு அரைமணி நேரமும் கேட்டோம். பிறகு பின் வலது. பிறகு இரண்டும் சேர்த்து. பிறகு ஆறும். கடைசியில் இரண்டாக மடித்து, முதல் ஐந்து நிமிடம் அல்ல, முழுவதும். ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் பொத்தான்களை விடுவித்து, விளக்குகளை வாய்விட்டு எண்ணினோம். அந்தப் பெண்ணின் குரல் மட்டுமல்ல, படத்தின் பின்பக்கம் முழுவதும் ஒரு சந்தையாக இருந்தது. வெடியில் அழிந்துபோன பவள முருகைக்கல்லைப் பற்றிச் சோகமான வசனம் முன்னால் போகிறது. பின்னால் கஜன் மத்தியானத்துக்குக் கணவாய் கிடைக்குமா என்று விசாரிக்கிறார். பாண் விற்கிற வண்டியின் பாட்டு இரண்டு இடத்தில். கஜன் காது சிவந்து இருந்தார். ஒன்றையும் நான் சொல்லிக்காட்டவில்லை. சோலோவில் போட்டு இரண்டு தடவை கேட்க வைத்தேன், அவ்வளவுதான்.

அந்த முற்றத்தில் எடுத்த ஒலியை முழுவதுமாக எறிந்தோம். வியாழன் விடிய ஹஸ்னாவும் கஜனும் கல்லடிக் கடற்கரைக்குப் போய் மனிதர் எவரும் இல்லாத இடத்தில் வெறும் அலையை எடுத்து வந்தார்கள். அதை வைத்து அடைத்தோம். ஐந்து மணி ஐம்பதுக்குக் கோப்பு போனது. பழையதை அழித்துவிட்டதாக அந்தப் பொறியியலாளர் எழுத்தில் அனுப்பும் வரை நான் கதிரையை விட்டு எழவில்லை.

அத்தோடு முடிந்தது என்று நிமலன் நினைத்தார். நானும் நினைத்தேன். ஹஸ்னாதான் அந்தப் பெண்ணிடம் நேரில் போய்ச் சொல்லாமல் படம் போகக்கூடாது என்றார். வெள்ளி காலை நிமலனின் வான் வண்டியில் போனோம். கையெழுத்து என்னுடையது என்பதால் நானும் போனேன். ஓட்டமாவடிப் பாலம் தாண்டும்போது ஹஸ்னா இன்னொன்றைச் சொன்னார். சனிக்கிழமையே அந்தப் பெண்ணின் தொலைபேசிக்கு ஒரு பிரதி அனுப்பியிருந்தாராம். 'பாத்தன் மகள், நல்லம்' என்று பதில் வந்ததாம். அதனால்தான் தனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை என்றார். தொலைபேசியிலும் எல்லாம் இரண்டாக மடிந்துதான் கேட்கும். அவர் முகத்தைப் பார்த்தால், அவருக்கும் அது அப்போதுதான் விளங்கியிருந்தது.

அந்தப் பெண் முற்றத்தில் நெத்தலி காயவைத்துக்கொண்டிருந்தார். ஹஸ்னா அழுதபடி சொன்னார். மிச்சத்தை நான் சொன்னேன்: எந்தச் சத்தம் எங்கே இருந்தது, நான் ஏன் கேட்கவில்லை, இப்போது என்ன செய்திருக்கிறோம். அவர் சாக்கில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டு ஹஸ்னாவிடம் சொன்னார்.

"எனக்குத் தெரியும் மகள். நீ அனுப்பின அண்டைக்கே கேட்டன். என்ட குரல் எனக்குத் தெரியாதா? மச்சாள் கூப்பிடுறதும் கேட்டிச்சு."

ஏன் சொல்லவில்லை என்று ஹஸ்னா கேட்டார்.

"நீங்க படிச்ச ஆக்கள். இவ்வளவு மிசின் வெச்சிருக்கீங்க. உங்களுக்குக் கேக்காததா எனக்குக் கேட்டிருக்கும்? இப்பிடித்தான் செய்யிற எண்டு நினைச்சன்." பிறகு, வெயிலைப் பார்த்து நெத்தலியைப் புரட்டிவிட்டுக்கொண்டே சொன்னார்: "மூத்தவள வாழைச்சேனைக்கு அக்காட்ட அனுப்பிப்போட்டன். பொம்பிளப் புள்ள. எனக்கு வாறது வரட்டும்."

ஹஸ்னா புதிய பிரதியைத் தொலைபேசியில் போட்டுக் கொடுத்தார். அவர் திரையைப் பார்க்கவில்லை. காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, அரைமணி நேரமும் கேட்டார். முடிந்ததும் தான் வருகிற இடத்தைத் திரும்பப் போடச் சொன்னார். அதையும் கேட்டார். இதில் தன் குரல் இல்லை என்றார். அவருடைய தொலைபேசியில் இருந்த பழையதை எங்கள் முன்னாலேயே அழித்தார்.

மகளை இன்றைக்கே கூட்டிவரலாம், நாங்களே வண்டியில் போய் ஏற்றிவந்து விட்டுவிட்டுப் போகிறோம் என்றேன்.

"இருக்கட்டும் மிஸ். படம் போகட்டும். போனாப்போல ஆக்கள் என்ன கதைக்கிறாங்க எண்டு பாத்திட்டுக் கூட்டியாறன்."

அப்படியொரு பரிசோதனை என் படிவத்தின் இருபத்திரண்டு வரியிலும் இல்லை. போன கிழமை அவர் எங்களை நம்பினார். அந்த நம்பிக்கை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதும் அவருக்குத் தெரியும். இனி அவர் தன் காதையும் தன் ஊரின் வாயையும் மட்டும் நம்புவார்.

அன்று மாலை படம் போனது. வீட்டுத் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டேன். அலையும் வவுணதீவு ஆசிரியையும் தவிர எவரும் இல்லை. சனி, ஞாயிறு, திங்கள் என்று ஹஸ்னா ஒவ்வொரு நாளும் அந்தப் பெண்ணோடு கதைத்தார். மூன்றாவது வேலிக்காரர் படத்தைப் பார்த்தாராம். எந்த ஊர்ப் பெண் அது என்று கடையில் நின்று விசாரித்தாராம். கல்லடிப் பக்கத்துக் கதை மாதிரி இருக்கிறது என்று எவரோ சொல்ல, விட்டுவிட்டாராம். எட்டாம் நாள்தான் தாய் போய் மகளைக் கூட்டி வந்தார். பதினோராம் தரம் படிக்கிற பிள்ளை. அதே சாதாரண தரப் பரீட்சைக்கு இரண்டு கிழமைகூட இருக்கவில்லை.